அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் வாங்குற ஷேரை நாமளும் வாங்கலாமா? அவங்க வாங்குறதே முறையா?

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா அமெரிக்க ஷேர்ல மாசாமாசம் கொஞ்சமா போட்டுட்டு வரேன். போன வாரம் ஒரு வீடியோ பாத்தேன், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்ன வாங்குறாங்க என்ன விக்குறாங்கன்னு பட்டியல் வெளிய வருது, அதை அப்படியே காப்பி பண்ணினா போதும்னு சொல்றாங்க. அதுக்குன்னே 2023ல ரெண்டு ஈடிஎஃப் (பல ஷேரைச் சேத்து ஒரே ஷேர் மாதிரி மார்க்கெட்ல வாங்கி விக்கற ஃபண்ட்) ஆரம்பிச்சிருக்காங்களாம், டெமாக்ரட் கட்சிக்காரங்க வாங்குறதுக்கு ஒண்ணு, ரிபப்ளிகன் கட்சிக்காரங்க வாங்குறதுக்கு ஒண்ணு.

லாபம் வருமா வராதாங்கறது அப்புறம், எனக்கு மனசுல உறுத்துறது வேற. நான் ஆடிட் வேலைல இருக்கேன். நாங்க தணிக்கை பண்ற கம்பெனியோட ஷேர் ஒண்ணு கூட எங்க கைல இருக்கக்கூடாது, வீட்டுக்காரர் பேர்லயும் கூடாது, வருஷா வருஷம் எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுக்கணும். சேந்த புதுசுல அதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சிருந்த ஷேரை நஷ்டத்துல வித்துட்டுத்தான் உள்ள போனேன், அது சரின்னு தான் இன்னிக்கும் நினைக்கிறேன். கணக்குப் பாக்குற எனக்கே இவ்வளவு கட்டுப்பாடுன்னா, மருந்து விலைக்கும் சிப் மானியத்துக்கும் ஆயுத ஒப்பந்தத்துக்கும் ஓட்டு போடுறவங்க அதே கம்பெனி ஷேரை வெச்சிருக்கறது எப்படி அனுமதிக்கப்படுது? சட்டம் நிஜமாவே என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வரவுசெலவு:
சுருக்கமா சொன்னா, வெச்சிருக்கலாம், வாங்கலாம், விக்கலாம், ஆனா சொல்லிடணும். அவ்வளவுதான் சட்டம்.

2012 ஏப்ரல்ல ஒபாமா கையெழுத்து போட்ட ஸ்டாக் ஆக்ட் தான் இதுக்கு அடிப்படை. 1,000 டாலருக்கு மேல வாங்கினாலோ வித்தாலோ அதிகபட்சம் 45 நாளுக்குள்ள தெரிவிக்கணும், கணவன் அல்லது மனைவி, அவங்களை நம்பி இருக்கற பிள்ளைங்க பேர்ல நடந்ததும் இதுல அடக்கம். தொகையைச் சரியா சொல்ல வேண்டாம், வரம்பு சொன்னா போதும், 1,001ல இருந்து 15,000 வரைக்கும், அடுத்து 50,000 வரைக்கும்னு போகும், மேல போகப்போக 10 லட்சத்துல இருந்து 50 லட்சம், 50 லட்சத்துல இருந்து 2.5 கோடி டாலர்னு அகலமாயிடும். அதனால ஒருத்தர் 11 லட்சம் டாலருக்கு வாங்கினாரா 49 லட்சத்துக்கு வாங்கினாரான்னு வெளிய இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியாது. லேட்டானா அபராதம் 200 டாலர், அதையும் நெறிமுறைக் கமிட்டி நினைச்சா தள்ளுபடி பண்ணிடலாம்.

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. முதல்ல போட்ட சட்டத்துல இந்தத் தகவல் எல்லாத்தையும் ஈஸியா தேடிப் பாக்கற மாதிரி ஒரே டேட்டாபேஸா ஆன்லைன்ல வைக்கணும்னு இருந்துச்சு, மேல்மட்ட ஊழியர்களோட சொத்து விவரமும் இணையத்துல வரணும்னு இருந்துச்சு. அடுத்த வருஷமே, 2013 ஏப்ரல்ல, ரெண்டு சபையும் பெரிசா விவாதம் இல்லாம அந்த ரெண்டையும் எடுத்துட்டாங்க. உறுப்பினர்களோட அறிக்கை மட்டும் இப்பவும் வருது.

காப்பி அடிக்கிறது பத்தி: உங்க கண்ணுல படும்போது அந்த ட்ரேட் நடந்து ஒரு மாசத்துக்கு மேல ஆகியிருக்கலாம். அதை நம்பி காசு போடாதீங்க.

ஓரக்கண்:
சட்டம் இருக்கு சரி, அது யாரையாவது பிடிச்சுதான்னு கேளுங்க. நான் இதைத் தொடர்ந்து கவனிக்க ஆரம்பிச்சதே 2020 பிப்ரவரில நடந்ததுக்கு அப்புறம் தான். ரிச்சர்ட் பர், நார்த் கரோலினா செனட்டர், உளவுத்துறை கமிட்டியோட தலைவர். கொரோனாவைச் சமாளிக்க அமெரிக்கா முன்ன எப்பவையும் விட தயாரா இருக்குன்னு பிப்ரவரி 7 அன்னிக்கு இன்னொரு செனட்டரோட சேந்து கட்டுரை எழுதுறாரு. 13ம் தேதி ஒரே நாள்ல 33 ட்ரேட்ல 6,28,000 டாலர்ல இருந்து 17,20,000 டாலர் மதிப்பு வரைக்கும் ஷேரை வித்துட்டாரு, அதுல ஹோட்டல் கம்பெனிங்களும் இருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு மார்க்கெட் சரிய ஆரம்பிச்சுது. எஃப்பிஐ அவர் ஃபோனை எடுத்துட்டுப் போனாங்க, கமிட்டி தலைவர் பதவில இருந்து விலகினாரு, ஆனா 2021 ஜனவரில நீதித்துறை விசாரணையை மூடிட்டாங்க, குற்றச்சாட்டு எதுவும் இல்ல. வெளில வந்த செய்தியை வெச்சுத்தான் வித்தேன்னு அவர் சொன்னாரு. இதே ஸ்டாக் ஆக்ட் 2012ல செனட்டுக்கு வந்தப்போ 96 பேர் ஆதரிச்சு 3 பேர் எதிர்த்து ஓட்டு போட்டாங்க, அந்த 3 பேர்ல இவரும் ஒருத்தர்.

அவர் குத்தவாளின்னு நான் சொல்ல வரல, நிரூபிக்கப்படல. ஆனா அந்த மாசம் வேலை போனவங்க, வீட்ல ஒருத்தரைப் பறிகொடுத்தவங்க இதைப் படிக்கும்போது என்ன நினைச்சிருப்பாங்க? எனக்கு இன்னும் ஆறல.

வரவுசெலவு:
நிரூபிக்கறது ஏன் கஷ்டம்னா, ரகசியக் கூட்டத்துல கேட்டதை வெச்சு வித்தாரா இல்ல காலைல பேப்பர் படிச்சு வித்தாரான்னு பிரிச்சுக் காட்டணும். அதோட சபைல, கமிட்டில பேசினது செஞ்சது பத்தி உறுப்பினரைக் கேள்வி கேக்க முடியாதுன்னு அமெரிக்க அரசியல் சட்டத்துலயே பாதுகாப்பு இருக்கு, விசாரிக்கறவங்க அந்த சுவர்ல போய் முட்டிக்கிறாங்க.

ஜெயிலுக்குத் தண்டனை வாங்கினவர் ஒருத்தர் இருக்காரு, நியூயார்க்கைச் சேந்த கிறிஸ் காலின்ஸ், அப்போ கீழ்சபை உறுப்பினர். ஆனா அந்தக் கேஸ் வேற மாதிரி. அவர் ஒரு ஆஸ்திரேலிய மருந்துக் கம்பெனியோட போர்டுல இருந்தாரு, மருந்து சோதனை தோத்துப் போச்சுன்னு 2017 ஜூன்ல அவருக்கு ஈமெயில் வருது, வெள்ளை மாளிகைல நடந்த விருந்துல நின்னுட்டே மகனுக்கு ஃபோன் பண்றாரு, மகன் விக்கிறாரு. 2020 ஜனவரில 26 மாசம் தண்டனை குடுத்தாங்க, அந்த வருஷம் டிசம்பர்லயே டிரம்ப் மன்னிப்பு குடுத்துட்டாரு. இது போர்டு உறுப்பினரா தெரிஞ்ச தகவல். சட்டம் போடுற வேலைல தெரிஞ்சது இல்ல.

நேர்கோடு:
கொஞ்சம் எதிர்வாதமும் கேளுங்க. எல்லாரும் கொள்ளை லாபம் பாக்கறாங்கன்னு சொல்றதுக்கு ஆதாரம் அவ்வளவு பலமா இல்ல. 1990கள்ல செனட்டர்களோட ட்ரேடை வெச்சு 2004ல வந்த ஆய்வு வருஷத்துக்கு சுமார் 12 சதவீதம் மார்க்கெட்டை விட கூடுதல்னு சொல்லுச்சு, அதைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுறாங்க. ஆனா எக்கர்ஸ், ஹைன்முல்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2004ல இருந்து 2008 வரைக்கும் உள்ள கணக்கைப் பாத்தா உறுப்பினர்கள், மொத்த மார்க்கெட்டையும் அப்படியே பின்தொடர்ற சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டை விட வருஷத்துக்கு 2, 3 சதவீதம் கம்மியாத்தான் எடுத்திருக்காங்க. வெளில பெரிசா பேசப்படுற நாலஞ்சு பேரை வெச்சு மொத்த சபையையும் எடை போட முடியாது.

அப்புறம் அவங்க சம்பளம் 2009ல இருந்து 1,74,000 டாலர்லயே நிக்குது. ஷேர் கூட வெச்சிருக்கக் கூடாதுன்னா ஏற்கனவே பணம் உள்ளவங்க மட்டும் தான் அரசியலுக்கு வருவாங்கன்னு ஒரு பயம் எனக்கு நிஜமாவே இருக்கு.

கல்மண்டபம்:
நேர்கோடு சொன்ன ஆய்வுகள் சரி. அதே ரெண்டு பேர் இன்னொரு ஆய்வுல காட்டினது, உறுப்பினர்கள் சொந்தத் தொகுதி கம்பெனிலயும் தங்களுக்குத் தேர்தல் நிதி குடுத்த கம்பெனிலயும் தான் மத்ததை விட அதிகமா பணம் போட்டிருக்காங்கன்னு. எனக்கு அதுதான் முக்கியமா படுது. நாம எல்லாரும் லாபம் பாத்தாரா இல்லையான்னே பேசிட்டு இருக்கோம், உள்தகவல் வெச்சு ட்ரேட் பண்றது ஒரு குத்தம், அதை நிரூபிக்கணும், ஆனா நலன் முரண், அதாவது பதவிப் பொறுப்பும் சொந்தப் பண லாபமும் மோதறது, அதுக்குக் குத்தமே நடக்க வேண்டியதில்ல. ஒருத்தர் அஞ்சு வருஷமா ஒரு ஆயுதக் கம்பெனி ஷேரை வாங்கி வெச்சு விக்காமலே உக்காந்திருந்தா அவர் பேர் எந்த ட்ரேட் பட்டியல்லயும் வராது, ஆனா பாதுகாப்பு பட்ஜெட் வரும்போது அவர் கை தூக்குறது நாட்டுக்காகவா அந்த ஷேருக்காகவான்னு அவருக்கே கூட நிச்சயமா தெரியாது, அந்த சந்தேகம் வந்துட்டாலே முரண் வந்தாச்சு.

சபை விதி என்ன சொல்லுதுன்னா, நேரடியான சொந்தப் பண நலன் இருந்தா ஓட்டு போடக்கூடாது. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நடைமுறைல அதை உறுப்பினரே தீர்மானிச்சுக்கலாம், அதோட அந்த நலன் ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள்ல ஒருத்தரா இருக்கறதால வருதுன்னா அது தடையே இல்லன்னு ரொம்ப காலமா அர்த்தம் பண்ணி வெச்சிருக்காங்க. லிஸ்ட் ஆன கம்பெனி ஷேர் வெச்சிருக்கற எல்லாருமே ஆயிரத்துல ஒருத்தர் தானே, அப்போ அந்த விதி யாரைத் தடுக்கும்?

இதை மத்தவங்களோட ஒப்பிட்டுப் பாருங்க. அரசு நிர்வாகத்துல வேலை பாக்கற அதிகாரி, தனக்கோ துணைவருக்கோ மைனர் பிள்ளைக்கோ பண நலன் இருக்கற விஷயத்துல தலையிட்டாலே கிரிமினல் குத்தம், சின்ன அளவு ஷேருக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தச் சட்டம் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குப் பொருந்தாது, ஜனாதிபதிக்கும் பொருந்தாது. செனட் ஆயுதப்படைக் கமிட்டி, பாதுகாப்புத்துறைப் பதவிக்கு வர்றவங்களையும் தன்னோட சொந்த ஊழியர்களையும் ஆயுதக் கம்பெனி ஷேரை வித்துட்டு வான்னு கேக்குது, ஆனா அதே கமிட்டில உக்காந்திருக்கற செனட்டர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நிலாமுற்றம், நீங்க நஷ்டத்துல வித்தீங்களே, அந்த நிலைமை தான் அந்த ஊழியர்களுக்கும்.

முடியாத காரியமும் இல்ல இது. 2021 செப்டம்பர்ல அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ்ல டல்லாஸ், பாஸ்டன் வங்கித் தலைவர்கள் ரெண்டு பேரோட ட்ரேடிங் வெளிய வந்து பதவி விலகினாங்க, அடுத்த மாசமே புது விதி அறிவிச்சாங்க, மேல்மட்டத்துல இருக்கறவங்க தனி கம்பெனி ஷேர் வாங்கவே கூடாது, மத்த முதலீட்டுக்கு 45 நாள் முன்னாடி சொல்லணும், வாங்கினா ஒரு வருஷமாவது வெச்சிருக்கணும். முன்னாடி சொல்றதுக்கும் பின்னாடி சொல்றதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க!

சம்பளம் பத்தி நேர்கோடு சொன்னது நியாயமான கவலை. ஆனா தடை கேக்கறவங்க யாரும் சேமிக்காதேன்னு சொல்லல, பரந்த மியூச்சுவல் ஃபண்ட், இண்டெக்ஸ் ஃபண்ட், அரசுப் பத்திரம் எல்லாத்தையும் அனுமதிச்சுத்தான் மசோதா எழுதறாங்க.

நேர்கோடு:
இண்டெக்ஸ் ஃபண்ட் வழி விட்டா எனக்கு ஆட்சேபனை இல்ல, நான் முழுத் தடைன்னு நினைச்சுட்டேன். அப்போ பிளைண்ட் ட்ரஸ்ட்? செனட்டர் ஜான் ஆசஃப் 2021ல தன் ஷேரை அதுல போட்டாருன்னு படிச்சேன்.

கல்மண்டபம்:
ஆமா, ஒண்ணும் இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல், நிர்வகிக்கறவர் வெளி ஆள், என்ன வாங்கினார்னு உறுப்பினருக்குச் சொல்ல மாட்டாரு. ஆனா உள்ள போடும்போது என்ன போட்டோம்னு அவருக்குத் தெரியுமே, அது வித்தாச்சுன்னு தகவல் வர்ற வரைக்கும் மனசுல இருக்கும். அதனால முதல்லயே எல்லாத்தையும் வித்து ஃபண்டுக்கு மாத்தறது தான் சுத்தமான வழின்னு நான் சொல்வேன்.

பனையோலை:
மசோதா நிலவரம்: 2020ல இருந்து ரெண்டு கட்சிக்காரங்களும் சேந்து கொண்டு வந்துட்டே இருக்காங்க. நான்சி பெலோசி சபாநாயகரா இருந்தப்போ 2021 டிசம்பர்ல இது சுதந்திரச் சந்தை, உறுப்பினர்களும் கலந்துக்கலாம்னு சொன்னாங்க, எதிர்ப்பு வந்ததும் ரெண்டு மாசத்துல இறங்கி வந்தாங்க. 2024 ஜூலைல செனட் கமிட்டி ஒரு தடை மசோதாவை 8-4ன்னு பாஸ் பண்ணுச்சு, 2025 ஜூலைல இன்னொண்ணு 8-7ன்னு. கமிட்டியைத் தாண்டறது தான் பாடா இருக்கு.

நம்ம நாட்டையும் சொல்லிடறேன், இங்க யாரும் கேக்கலன்னாலும். வேட்பாளர் சொத்தைச் சொல்லியே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் 2002லயும் 2003லயும் தீர்ப்பு குடுத்ததால, வேட்புமனுவோட குடுக்கற பிரமாணப் பத்திரமான படிவம் 26ல கம்பெனி பேர் வாரியா ஷேர் விவரம் வருது, துணைவர் பேர்ல இருக்கறதும் வருது. ஆனா அது மனு குடுத்த அன்னிக்கு எடுத்த ஒரு ஃபோட்டோ மாதிரி தான், அடுத்த அஞ்சு வருஷத்துல என்ன வாங்கினாங்க வித்தாங்கன்னு ட்ரேட் வாரியா மக்களுக்குச் சொல்ற ஏற்பாடு இல்ல. மாநிலங்களவைல விதி 293 படி உறுப்பினர் நலன் பதிவேடு இருக்கு, அதுலயும் கம்பெனியைக் கட்டுப்படுத்துற அளவு பங்கு இருந்தாத்தான் எழுதணும். மக்களவைல அந்தப் பதிவேடே கிடையாது. அமெரிக்காவோட 45 நாள் கம்மின்னு நாம பேசறோம், நமக்கு அந்த 45 நாளும் வேணும்னு கேக்கணும்.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. கல்மண்டபம் சொன்ன அந்த ஊழியர் விஷயம் படிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். காப்பி அடிக்கற எண்ணத்தை விட்டாச்சு, மாசப் பணம் பழையபடி இண்டெக்ஸ்லயே போகட்டும். ஆனா அந்த அறிக்கைகளை நானே நேரா பாக்கணும்னு இருக்கு, ட்ரேடுக்காக இல்ல, யார் எந்தக் கமிட்டில இருந்துட்டு என்ன வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்க. எங்க பாக்கறது?

வரவுசெலவு:
கீழ்சபைக்கு சபை கிளார்க் அலுவலகத்தோட தளம், செனட்டுக்குத் தனித் தளம், அதுல உள்ள போறதுக்கு முன்னாடி வணிகத்துக்குப் பயன்படுத்த மாட்டேன்னு ஒரு டிக் போடச் சொல்லும். கீழ்சபை அறிக்கை பிடிஎஃப்ஆ வரும், சிலது கையால எழுதி ஸ்கேன் பண்ணினது, பொறுமை வேணும். ஓனர் காலம்னு ஒண்ணு இருக்கும், எஸ்.பி.ன்னு இருந்தா துணைவர் பேர்ல, டி.சி.ன்னா பிள்ளை பேர்ல, ஜே.டி.ன்னா ரெண்டு பேர் பேர்லயும். ட்ரேட் அறிக்கை மட்டும் பாக்காதீங்க, வருஷாந்திர அறிக்கையையும் திறங்க, விக்காம வெச்சிருக்கற ஷேர் அதுல தான் இருக்கும். பக்கத்துலயே கமிட்டி உறுப்பினர் பட்டியலை வெச்சுக்கோங்க.