குன்னூரில் வைத்து ஓட்ட பழைய சான் ஸ்டார்ம் வாங்கலாமா?

வெலிங்டன்வாசி:
வணக்கம். 2001 மாடல் சான் ஸ்டார்ம் (கோவாவில் தயாரான இரண்டு சீட் திறந்த கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கோவா பதிவு, சாஃப்ட் டாப் (மடிக்கும் துணிக்கூரை) புதிதாக மாற்றியது. வீடு வெலிங்டனில். ஓட்டம் பெரும்பாலும் குன்னூர்–ஊட்டி, அவ்வப்போது மேட்டுப்பாளையம் இறங்கி ஏற வேண்டும். 1149 சிசி, 60 குதிரைத்திறன் மலைக்குப் போதுமா? பைபர் பாடி, அதனால் துருத் தொல்லையே இல்லை என்கிறார் விற்பவர். வேறு என்ன பார்க்க வேண்டும்? அல்லது இதை விட்டுவிட்டுப் பழைய மஸ்தா எம்எக்ஸ்-5 ஒன்றை வெளிநாட்டிலிருந்து இறக்கலாமா?

ஸ்பேனர்செட்:
எம்எக்ஸ்-5 ஆசையை முதலில் முடித்துவிடுவோம். 3 ஆண்டுக்கு மேல் பழைய காரைச் சாதாரண வழியில் இறக்குமதி செய்ய முடியாது. அதற்குள் இருப்பதும் வலப்பக்க ஸ்டீயரிங்காக இருக்க வேண்டும், வரியோ காரின் விலையைத் தாண்டிப் போகும். "கார்னே வண்டி, சல்லிசாகத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். கார்னே என்பது வரி கட்டாமல் தற்காலிகமாகக் காரைக் கொண்டுவரும் சுங்க ஆவணம்; அதில் வந்த கார் திரும்ப நாட்டை விட்டுப் போயாக வேண்டும், உங்கள் பேருக்கு ஆர்.சி. கிடைக்காது.

இனி ஸ்டார்ம். பைபர் துருப்பிடிக்காது என்பது நிஜம்தான். ஆனால் அந்த பைபர் உட்கார்ந்திருப்பது இரும்புச் சட்டத்தின் மேல். கோவாக் கடற்காற்றில் இருபது வருஷம் நின்ற வண்டியில் மேலே பளபளப்பு இருக்கும், அடியில் இரும்பு பொரிந்திருக்கும்; பாடி அதை மறைத்துவிடும் என்பதுதான் ஆபத்தே. லிஃப்டில் ஏற்றாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சஸ்பென்ஷன் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், சீட் போல்ட்டுக்குக் கீழே, இங்கெல்லாம் சிறு சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்றால் சரி, 'பொத்' என்றால் உள்ளே தகடு போயிற்று. புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் கிளம்பிவிடலாம்.

பைபரில் பார்க்க வேண்டியது, கதவுக் கீல், வீல் ஆர்ச் ஓரங்களில் சிலந்தி வலை மாதிரி ஓடும் கீறல்கள். மேல்பூச்சோடு நின்றால் மணல் தாள் போட்டுப் பூசிவிடலாம். கீல் பக்கம் ஆழமாகப் போயிருந்தால் கதவு தொங்கும், டாப் சரியாக மூடாது, மழை நேராக மடியில் இறங்கும்.

எஞ்சினைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். ரெனோ க்ளியோ, ட்விங்கோ கார்களில் ஓடிய 8 வால்வு எஞ்சின்தான். பாகங்களை ரெனோ பார்ட் நம்பர் வைத்துத் தேடுங்கள், ஸ்டார்ம் என்று தேடாதீர்கள். கண்ணாடி, விளக்கு, டாப் பிரேம் ஆகியவைதான் கிடைக்காது, அவை முழுசாக இருக்கிறதா பாருங்கள். டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் பார்க்காமல் வயசைப் பார்த்து, வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். பெட்ரோல் ஹோஸ்களும் அப்படித்தான். பங்கில் இப்போது வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலில் உப்பி வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர் உட்பூச்சு கொண்ட ஹோஸ் கேட்டு வாங்குங்கள்.

பேப்பர்: கோவாவிலிருந்து படிவம் 28இல் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று), இங்கே புது எண்ணுக்குப் படிவம் 27, பெயர் மாற்றத்துக்கு 29, 30. 15 ஆண்டு தாண்டிய வண்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. காலாவதியாகி இருந்தால் அதைப் புதுப்பித்துத் தர வேண்டியது விற்பவர் பொறுப்பு. சேஸிஸ் எண்ணை நேரில் பார்த்து ஒப்பிடாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

காட்ரோடு43:
மேலே சொன்னதோடு ஒன்று: டி.என். 43 எண் (நீலகிரிப் பதிவு) கிடைக்கும்வரை செக்போஸ்டில் இ-பாஸ் கேட்பார்கள், ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி மலைப்பாதை வழியாக இறங்கவும் விடமாட்டார்கள்.

ஊட்டி 2240 மீட்டர். டர்போ இல்லாத எஞ்சினில் அந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும், உங்கள் 60 குதிரை 47, 48 ஆகும். இந்த எடைக்கு அது போதும். முன்சக்கர இழுவை ஆதலால் கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் மிதித்தால் உள்பக்க டயர் சுழலும், அவ்வளவுதான். யூகலிப்டஸ் இலை நனைந்து கிடக்கும் இடங்களில் இது கூடும்.

கவனம் தேவைப்படுவது இறக்கத்தில். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1500 மீட்டர் இறக்கம். காரும் இரண்டு பேருமாக 1000 கிலோ என்று வைத்தால், 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலை எங்காவது கரைத்தாக வேண்டும். பெரிய எஸ்யூவிக்கு இதுபோல் இரண்டு மடங்கு. லேசான காரின் உண்மையான லாபம் இதுதான். ஆனாலும் அதில் பாதியையாவது எஞ்சின் தாங்க வேண்டும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். வளைவுக்கு முன்பே பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து விட்டுவிடுங்கள், காலை அதன் மேலேயே வைத்துத் தேய்க்காதீர்கள். வளைவுக்கு நடுவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் லேசான பின்பக்கம் வெளியே நழுவும், ஈரத்தில் நிச்சயம்.

பிரேக் ஆயில் டாட் 4 தரம். புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சியபின் 155 வரை இறங்கலாம். குன்னூர் ஈரத்தில் வருஷம் ஒருமுறை மாற்றுவது நல்லது. இறக்கத்தில் பெடல் மெத்தென்று ஆனால் உள்ளே ஆவி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கியரைக் குறைத்து ஓரம் கட்டி ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழ்நாட்டு ஒர்க்‌ஷாப்களில் சூட்டுக்குப் பயந்து கழற்றி எறிவது வழக்கம். ஊட்டிக் குளிரில் அப்படி ஓடினால் எஞ்சின் சூடே ஏறாது, பெட்ரோல் குடிக்கும், ஆயிலும் நீர்த்துப்போகும். ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதிக்கும், பிரஷர் பிடிக்காத மூடி என்றால் வழியில் நிற்பீர்கள்.

வெலிங்டன்வாசி:
ரொம்ப நன்றிங்க. விற்பவர் அகலமான டயரும் ஸ்பிரிங் வெட்டி இறக்கிய சஸ்பென்ஷனும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். போடலாமா?

ஸ்பேனர்செட்:
வெட்டிய ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம். கொண்டை ஊசியின் உள்விளிம்பில் ரோடு மடங்கும் இடத்தில் வயிறு தட்டும். முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டு நழுவவும் செய்யும்.

காட்ரோடு43:
அகல டயரும் வேண்டாம். எடை குறைந்த காரில் டயர் அகலமானால் தேங்கிய நீரில் சீக்கிரம் மிதக்கும். கம்பெனி அளவே போதும், காற்றும் கம்பெனி சொன்ன அளவுதான். பங்கில் பழக்கத்துக்கு 35 பி.எஸ்.ஐ. அடித்துவிடுவார்கள், பார்த்து நிற்க வேண்டும். டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டு 23ஆவது வாரம். இந்த மாதிரி கார் அதிகம் ஓடியிருக்காது, பட்டன் புதிதாகத் தெரியும், ரப்பர் கல்லாகியிருக்கும்.

டாப்பை நனைந்தபடி மடிக்காதீர்கள், ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். பின்பக்கம் பிளாஸ்டிக் கண்ணாடி என்றால் ஜனவரிக் காலையில் மடித்தால் விரிசல் விட்டுவிடும், வெயில் பட்டபின் மடியுங்கள். பர்லியாறில் டீக்கு நிறுத்தினால் ஒருவர் காரிலேயே இருக்கட்டும், குரங்கு கிழித்த துணிக்குத் தையல் நிற்காது. இருட்டியபின் ஹை பீம் போட்டே ஓட்டுங்கள், எதிரே வண்டி வந்தால் மட்டும் இறக்குங்கள். இவ்வளவு தாழ்ந்த காரில் லோ பீம் காட்டெருமையின் காலுக்கு மேல் ஏறாது.