தாத்தா சொல்லித்தந்த கீழ்வாய் இலக்கம் மறந்துவிட்டது. மீட்க முடியுமா?

மண்டிக்காரர் பேரன்:
எங்கள் தாத்தா கும்பகோணத்தில் நெல் மண்டி வைத்திருந்தார். விளக்கு வைத்ததும் என்னைத் திண்ணையில் உட்காரவைத்துக் கீழ்வாய் இலக்கம், அதாவது ஒன்றுக்குக் கீழான பின்னங்களின் வரிசையை ஒப்பிக்கச் சொல்வார். முந்திரி, அரைக்காணி, காணி என்று ஏற வேண்டும். நடுவில் கையைக் காட்டி நிறுத்தி, “அரைக்காலில் பாதி?” என்பார். “மாகாணி” என்று அந்த நொடியே வந்தால் ஒரு பிடி பொரிகடலை. இப்போது எழுபதைத் தொட்டுவிட்டேன். காணிக்கு மேல் வரிசை வரவில்லை. பொரிகடலையின் உப்பு நினைவிருக்கிறது, பாடம் இல்லை. பேத்திக்குச் சொல்லித்தர ஆசை. அன்று படித்தது அடியோடு அழிந்துவிட்டதா, உள்ளே மிச்சம் ஏதும் இருக்குமா?

ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியை:
இருக்கும் ஐயா. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885இல் வெளியிட்டார். எவ்வளவு நினைவிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. மறுபடி படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரே நாளில் அந்த மிச்சம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. மறதி முதலில் விரைந்து இறங்கும், பிறகு மெதுவாகத்தான் இறங்கும். பொருளற்ற அசைக்கே அப்படி என்றால், தாத்தா ஆண்டுக்கணக்கில் ஒப்பிக்கவைத்த பாடம் எங்கே போகும்? புத்தகத்தைத் திறக்கும் முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தடுக்கிய இடத்தை மட்டும் பாருங்கள்.

பழங்காசு சேகரிப்பவர்:
இதில் நம் காலத்துக்கும் பங்கு உண்டு. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தவரை ஓரணா என்றாலே ரூபாயில் மாகாணிதான். கடைத்தெருவே பாடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு காசு என்றானது. மரக்காலும் படியும் லிட்டருக்கும் கிலோவுக்கும் வழிவிட்டன. புழங்காத கணக்கு எந்த மனத்தில் தங்கும்? பேத்தியை வெறுமனே ஒப்பிக்கவைக்காதீர்கள். ஒரு படியில் எட்டு ஆழாக்கு என்று அரிசியை அளந்து காட்டுங்கள்.

மண்டிக்காரர் பேரன்:
ஆசிரியையம்மா சொன்னபடி கண்ணை மூடிச் சொன்னேன். அரைமா, முக்காணி, மா வரை தானாகவே வந்துவிட்டது! தாத்தாவின் இழுவையோடு வந்தது. அடுத்தது இருமாவா, மாகாணியா என்பதில் நின்றுவிட்டேன்.

ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியை:
மாகாணிதான் ஐயா. மா என்பது 4/80, காணி 1/80. இரண்டும் சேர்ந்த 5/80, அதாவது 1/16, மாகாணி. இருமா 1/10, அதன்பின் அரைக்கால் 1/8. அங்கிருந்து நீங்களே ஏறிப் பாருங்கள், நான் சொல்லப்போவதில்லை.