சக்கர நாற்காலியில் போய்ப் பறவை பார்க்க இடம் உண்டா?

வணக்கம். நாங்கள் கிருஷ்ணகிரி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். அதற்கு முன் ஞாயிறு விடிந்தால் கே.ஆர்.பி. அணைப் பக்கம் போய்விடுவார். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைப்பதை மணிக்கணக்கில் பார்ப்பார். மீன்பிடிக்கத்தான் போகிறார் என்று அம்மா இன்றும் நம்புகிறார், அது தனிக்கதை.

போன மாதம் ஓர் ஏரிக்கு அழைத்துப் போனோம். சரிவுப்பாதை இருந்தது. ஆனால் ஏற்றம் அதிகம், இரண்டு பேர் தள்ளியும் மூச்சு வாங்கியது. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் உயரக்கூடாது என்பார்கள், இது அதைப்போல் இரு மடங்கு. மேலே போனால் கைப்பிடிச் சுவர் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக மறைக்கிறது. நாங்கள் கூழைக்கடா பார்த்தோம், அப்பா சிமெண்ட் பார்த்தார்.

நீருக்கு மேல் சமதளமாகப் பலகைப் பாதை போட்ட இடம் தெரிந்தால் சொல்லுங்கள். பலகைகள் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் போட்டிருந்தால் முன்சக்கரம் இடுக்கில் மாட்டும். தருமபுரி, ஓசூர் பக்கம் என்றால் நல்லது. வேடந்தாங்கல் என்றாலும் சரி, சீசனில் நாலைந்து மணி நேரம் காரில் உட்காரத் தயார் என்கிறார். அங்கே கரைமேல் நாற்காலி ஏறுமா? கழிப்பறை வாசல் எவ்வளவு அகலம்? நேரில் போனவர்கள் சொன்னால் பொங்கலுக்கு முன் கிளம்பிவிடுவோம்.