புதுப்பிப்பு: சம்ப் தண்ணீரில் நாற்றம், காரணம் கிடைத்தது

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: சென்னை, 6,000 லிட்டர் தரைக்கடி சம்ப், குழாய்த் தண்ணீரில் லேசான நாற்றம். டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 310தான், ஆனால் மலக் கிருமி கலந்திருந்தால் கறுக்கும் ஹெச்டூஎஸ் சோதனை பாட்டில் கறுத்துவிட்டது. (டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது. அதை நம்பியதில்தான் ஒரு மாதம் வீண்.)

"தெரு இணைப்பிலும் சம்பிலும் தனித்தனியாகக் குளோரின் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. தெரு இணைப்பில் லிட்டருக்கு 0.5 மி.கி., சம்பில் பூஜ்யம். அதாவது அழுக்கு சம்பில்தான் கலக்கிறது என்ற சந்தேகம் வந்தது. சம்பைக் காலி செய்து பார்த்தால், சாக்கடை சேம்பர் பக்கச் சுவரில் விரிசல், அதில் கசிவு.

முதலில் பிளீச்சிங் மட்டும் போட்டதில் ஒன்பதே நாளில் பாட்டில் மறுபடி கறுத்தது. பிறகு சேம்பர் குழாய் இணைப்பை மாற்றி, விரிசலை வெட்டி நீர்புகாக் கலவையால் அடைத்து, ஏழு நாள் க்யூரிங் (ஈரமாக வைத்து இறுக விடுவது). சம்பை நிரப்பி, 1 கிலோ புது பிளீச்சிங் பவுடரை (30% குளோரின்) வாளிகளில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றினோம். கணக்குக்கு லிட்டருக்கு 50 மி.கி. குளோரின். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. மாடித் தொட்டிக்கு ஏற்றி, எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து, 12 மணி நேரம் விட்டு, முழுதும் வடித்தோம்.

பிளீச்சிங் ஊற்றும் முன் ஆர்ஓ சுத்திகரிப்பான் இணைப்பை மூடிவிடுங்கள், குளோரின் அதன் மெம்பிரேனை (வடிகட்டும் சவ்வை) கெடுக்கும்.

மூன்று வாரம் கழித்து ஆய்வக முடிவு: 100 மி.லி.யில் ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் கிருமி) இல்லை. சம்பில் குளோரின் லிட்டருக்கு 0.3 மி.கி.