ராஸ்பெரி பை வழியா டெஸ்க்டாப்பை ஆன் செய்ய ரிலே தேவையா?

கேள்வி:
வெளியூரிலிருந்து வீட்டு பிசியை ஆன் பண்ணணும். பை ஜீரோ 2 டபிள்யூ (ராஸ்பெரி பை வகைச் சின்ன கம்ப்யூட்டர்) 24 மணி நேரமும் ஓடுது. பிசியின் பவர் பட்டனை அழுத்த ரிலே (சிக்னலில் இயங்கும் ஸ்விட்ச்) மாட்டலாமா?

பதில் 1:
முதல்ல வேக்-ஆன்-லேன் (நெட்வொர்க் வழியா சிக்னல் அனுப்பி பிசியை எழுப்புறது) பாருங்க, காசே ஆகாது. பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்) இஆர்பி எனும் மின்சேமிப்பு வசதி, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இரண்டையும் ஆஃப் பண்ணுங்க. நெட்வொர்க் கேபிள் கட்டாயம். கரண்ட் போய் வந்தபின் சில மதர்போர்டு எழுந்திரிக்காது, அதான் தொல்லை.

பதில் 2:
ரிலே வேண்டாம். பிசி817 ஆப்டோகப்ளர் (இரண்டு சர்க்யூட்டை ஒளி வழியா மட்டும் இணைக்கும் சின்ன சிப்) ஒன்று போதும். பையின் ஜிபிஐஓ 17 (சிக்னல் பின்) லிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியா சிப்பின் கால் 1. கால் 2 பையின் கிரவுண்டுக்கு. கால் 4 மதர்போர்டு பவர் ஸ்விட்ச் பின்னின் பிளஸ், கால் 3 மைனஸ். எது பிளஸ்னு மல்டிமீட்டரில் பாருங்க; மாத்திப் போட்டா ஆப்டோகப்ளர் வேலை செய்யாது. கேஸ் பட்டனை இதோடு பேரலலா வைக்கலாம்.
ஜிபிஐஓ 17-க்கு அரை நொடி ஹை (3.3 வோல்ட்) கொடுங்க. 4 நொடி தாண்டினா ஓடுற பிசி பொசுக்குனு அணைஞ்சிடும்.

கேள்வி கேட்டவர்:
ஜிபிஐஓ 3 எடுத்தா?

பதில் 2:
கூடாது. 2, 3 இரண்டிலும் போர்டிலேயே 1.8 கிலோஓம் புல்-அப் (பின்னை ஹையிலேயே வைக்கும் ரெசிஸ்டர்) இருக்கு. பை பூட் ஆகும்போதே பட்டன் அழுத்தின மாதிரி ஆகலாம். 17-க்கு பூட்டில் புல்-டவுன், அதாவது லோவிலேயே இருக்கும். பைக்குத் தனி அடாப்டர் போடுங்க. ரவுட்டரில் போர்ட் திறக்காதீங்க, வயர்கார்டு (விபிஎன்) வழியா வீட்டு நெட்வொர்க்குக்குள்ளே வாங்க.