கவுன்சிலின் பனிச்சறுக்கு அரங்கத்துக்குப் புதிய குத்தகைதாரர் தேடப்படுகிறார்: கூட்டத்தில் எதைக் கேட்பது?

கேள்வி

வணக்கம். இங்கிலாந்தில் நாங்கள் வசிக்கும் ஊரில் கவுன்சிலுக்குச் சொந்தமான பனிச்சறுக்கு அரங்கம் ஒன்று உள்ளது. எண்பதுகளில் கட்டப்பட்ட அந்த அரங்கத்தை நடத்திவரும் நிறுவனத்தின் குத்தகை அடுத்த ஆண்டு முடிகிறது. அதைத் தொடர அவர்களுக்கு விருப்பமில்லை. புதிய குத்தகைதாரரைத் தேடுவதாகக் கவுன்சில் அறிவித்திருக்கிறது. ஆனால் யாரும் முன்வராவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. என் மகள் அங்கேதான் பயில்கிறாள்; நானும் ஸ்கேட்டிங் மன்றத்தின் செயற்குழுவில் இருக்கிறேன். கையெழுத்து இயக்கம் தொடங்கிவிட்டோம். அடுத்த மாதக் கலந்தாய்வுக் கூட்டத்தில் எதைக் கேட்டால் பயன் கிடைக்கும்?

பதில் 1 (குளிரூட்டல் பொறியாளர்)

அரங்கத்தை யார் எடுக்கப்போகிறார் என்பதற்கு முன்பாக, இயந்திர அறைக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் பனி சில சென்டிமீட்டர் தடிமன்தான். அதன் கீழே கான்கிரீட் தளத்துக்குள் நெருக்கமாகப் பதிக்கப்பட்ட குழாய்களில், பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே குளிர்விக்கப்பட்ட உப்புக் கரைசலோ கிளைக்கால் (glycol) என்ற உறையாத திரவமோ இடைவிடாமல் ஓடுகிறது. அந்தக் குழாய்கள் கசியத் தொடங்கினால் தளத்தை உடைக்காமல் சரிசெய்வது கடினம். அடிமண் உறைந்து தளத்தை மேலே தள்ளாமலிருக்க அதன் கீழே வெப்பமூட்டும் அமைப்பும் தேவை; பழைய அரங்கங்களில் அது வேலை செய்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். எண்பதுகளின் இயந்திரங்கள் பலவற்றில் ஆர்22 என்ற குளிர்பொருள் இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 2015 முதல் பிரிட்டனில் அதைக் கொண்டு பழைய இயந்திரங்களை நிரப்பிப் பராமரிக்கவும் தடை உள்ளது. உங்கள் அரங்கம் எதற்கு மாறியது, எப்போது மாறியது என்பது மிக முக்கியமான கேள்வி.

பழுதுபார்ப்பு முழுவதும் குத்தகைதாரரின் செலவு என்று எழுதிவிட்டுப் பத்தாண்டுக் குத்தகை மட்டுமே தருவதாகச் சொன்னால், கணக்குத் தெரிந்த எந்த நிறுவனமும் தயங்கும். அந்தப் பத்தாண்டுக்குள் முதலீட்டைத் திரும்ப எடுக்க முடியாத இயந்திரத்தை அவர்கள் ஏன் வாங்கித்தர வேண்டும்? ஆகவே கட்டட நிலை ஆய்வறிக்கை, பராமரிப்புப் பதிவேடு, மின்கட்டண விவரம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இப்போதே கேளுங்கள். கவுன்சில் பொதுவாக 20 வேலைநாள்களுக்குள் பதில் தரவேண்டும் என்பதால், கூட்டத்துக்கு முன்பே அவை உங்கள் கைக்கு வரக்கூடும்.

அருகில் நீச்சல்குளம் இருந்தால், கம்ப்ரசர்கள் வெளியேற்றும் வெப்பத்தை அதற்குப் பயன்படுத்தலாம். வீணாகக் காற்றில் விடப்படும் அந்த வெப்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பதில் 2 (உள்ளாட்சி நிதித்துறையில் பணியாற்றியவர்)

பனிச்சறுக்கு அரங்கம் நடத்துவது கவுன்சிலின் சட்டபூர்வக் கடமை அன்று. நிதி நெருக்கடி வரும்போது இத்தகைய சேவைகளில்தான் முதலில் கை வைப்பார்கள். அதிக வாடகை தருபவருக்கே கொடுக்கவேண்டிய கட்டாயம் என்று அதிகாரிகள் சொன்னால் அதை அப்படியே ஏற்காதீர்கள். 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, ஏழாண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த விலையைக் கேட்கிறது என்பது உண்மையே. ஆனால் வட்டாரத்தின் சமூக நலனுக்கு உதவும் என்று கவுன்சில் கருதினால், 20 லட்சம் பவுண்டு வரை மதிப்பைக் குறைத்துக் கொடுக்க 2003ஆம் ஆண்டில் அரசு வழங்கிய பொது அனுமதி வழி செய்கிறது.

அரங்கத்தைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று, அதாவது உள்ளூர் மக்களுக்கு முக்கியமான இடம் என்று, கவுன்சிலின் பட்டியலில் சேர்க்கவும் விண்ணப்பியுங்கள். உள்ளூர் வாக்காளர்கள் குறைந்தது 21 பேர் கொண்ட குழு விண்ணப்பித்தாலே போதும்.

பதில் 3 (தெற்கு லண்டன் பெற்றோர்)

நீங்கள் 'தற்காலிக மூடல்' என்ற யோசனையை ஏற்கவே கூடாது. 1931இல் திறக்கப்பட்ட ஸ்ட்ரெதம் அரங்கம் 2011 இறுதியில் மூடப்பட்டது. புதிய அரங்கம் 2013இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பிரிக்ஸ்டனில் ஒரு தற்காலிக அரங்கம் இயங்கியது. பனி தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்பது மறுசீரமைப்புத் திட்டத்தின் நிபந்தனையாகவே இருந்ததால்தான் அது சாத்தியமானது. பனி இல்லாமல் ஓராண்டு கடந்தால் பயிற்சியாளர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். குழந்தைகள் திரும்பி வரமாட்டார்கள். மன்றங்களுக்கு வாரத்துக்கு எத்தனை மணிநேரம் என்பதையும் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆவணங்களை இன்றே கேட்கிறோம். ஒரு சந்தேகம்: கவுன்சில் 20 ஆண்டுக் குத்தகை என்று பேசுகிறது. அப்போதும் பட்டியலிடுவதால் பயன் உண்டா?

பதில் 2

அந்தக் குத்தகையை அது நிறுத்தாது. பட்டியலிட்ட இடத்தை வாங்க உள்ளூர்க் குழு முன்வருவதற்கு ஆறு மாத அவகாசம் தரும் விதி, நிலத்தை விற்கும்போதும் 25 ஆண்டோ அதற்கு மேலோ குத்தகைக்கு விடும்போதும் மட்டுமே பொருந்தும். ஆனால் குத்தகைதாரர் கிடைக்காமல் இடத்தை விற்க முனைந்தால் அந்த அவகாசம் உங்களுக்குக் கிடைக்கும். வேறு கட்டடம் எழுப்ப அனுமதி கேட்டால், திட்ட அதிகாரிகள் பட்டியலையும் கருத்தில் கொள்ளலாம். பட்டியலில் பெயர் ஐந்தாண்டுகள் இருக்கும். கூட்டத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.