7 வாரமா வறட்டு இருமல், அசித்ரோமைசின் ரெண்டு ரவுண்டு முடிஞ்சும் நிக்கல: துணை சுகாதார நிலையத்துல அடுத்து என்ன பண்ணலாம்?

புதுத்துணைமையம்

எம்.எல்.எச்.பி.யா (இடைநிலை சுகாதாரப் பணியாளர்) துணை சுகாதார நிலையத்துல புதுசு. ஓ.பி.யில இருமல்தான் அதிகம். மூணு கேஸ்ல சந்தேகம்.

1) 52 வயசு அம்மா. 7 வாரமா வறட்டு இருமல், தொண்டையில கிச்சுக்கிச்சு. காய்ச்சல் இல்ல. சுகர், பி.பி. ரெண்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்துல மெட்ஃபார்மின், எனலாப்ரில் 5 மி.கி. வாங்குறாங்க. எனலாப்ரில் ஆரம்பிச்சு 3 மாசம். வெளிய அசித்ரோமைசின் ரெண்டு தடவை, கூடவே ஏதோ ஒரு சிவப்பு சிரப். சளி ஒரு தடவை அனுப்பினேன், நெகட்டிவ். ஆக்சிஜன் 98, மூச்சு 18.

2) 3 வயசுப் பையன், 12 கிலோ. 4 நாளா இருமல், மூக்கொழுகல், காய்ச்சல் 101. மூச்சு எண்ணினா 46. அழுதுகிட்டே இருந்தான். அவங்கம்மா சிரப் கேக்குறாங்க.

3) 34 வயசு ஆண், நூல் மில்லுல வேலை. 2 மாசமா ராத்திரியில இருமல், லேசா வீசிங். சளி நெகட்டிவ்.

முதல் ஆளுக்கு லெவோஃப்ளாக்சசின் குடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கலாம்னு இருக்கேன். சரியா?

மாத்திரைப்பெட்டி

சிஸ்டர், முதல் கேஸ்ல மாத்திரை லிஸ்ட்லயே பதில் இருக்கு. எனலாப்ரில். நிறுத்திட்டு ஒரு வாரம் பாருங்க. இருமல் போயிடுச்சுன்னா அதுதான் காரணம்.

வட்டாரமருத்துவர்

பாதி சரி. திருத்த வேண்டியது இரண்டு.

எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரியான மாத்திரைகளால் வரும் இருமல் நிறுத்தியதும் போய்விடாது. பெரும்பாலும் 1 முதல் 4 வாரம் ஆகும். சிலருக்கு 3 மாதம்கூட இழுக்கும். ஒரு வாரத்தில் தீர்ப்பெழுதினால் தப்பான தீர்ப்புதான் வரும். அடுத்தது, மாற்று மாத்திரை இல்லாமல் வெறுமனே நிறுத்தாதீர்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்திருப்பவர் அவர். ஆரம்ப சுகாதார நிலைய (பி.எச்.சி.) மருத்துவரிடமோ இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவையிலோ பேசி, அதே நாளில் டெல்மிசார்டன் 40 அல்லது லோசார்டன் 50-க்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய 1–2 வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்க வேண்டும்.

இந்த இருமல் ஏன் வருகிறது என்று தெரிந்தால் நோயாளிக்கு விளக்குவது எளிது. இரத்த நாளத்தைச் சுருக்கும் பொருள் உருவாகாமல் தடுக்கும் அதே மாத்திரை, பிராடிகைனின் என்ற உடற்பொருள் சிதைவதையும் தடுக்கிறது. அது மூச்சுக்குழாயில் தேங்கி இருமல் நரம்பைச் சீண்டுகிறது. டோஸைக் குறைத்துப் பயனில்லை. எனலாப்ரிலை எடுத்துவிட்டு ராமிப்ரில் கொடுத்தாலும் அதே கதைதான். பெண்களுக்கு இது கூடுதலாக வரும். மாத்திரை தொடங்கிச் சில மாதம் கழித்தும் தொடங்கலாம் என்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை.

லெவோஃப்ளாக்சசின் கேட்கவே கேட்காதீர்கள். அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் குறைந்த மாதிரி காட்டும், சளியில் கிருமி தெரியாமல் போகும், நோய் உள்ளே வளரும். காசநோய் இல்லை என்று உறுதியாகும் வரை அந்த வகை மருந்தே வேண்டாம்.

காசநோய்ப்பிரிவு

அந்த ஒரு நெகட்டிவை ஓரமா வைங்க. என்ன டெஸ்ட், எத்தனை டப்பா, சளி எப்படி இருந்துச்சு?

புதுத்துணைமையம்

ஸ்மியர் (மைக்ராஸ்கோப்ல பாக்குறது). ஒரே டப்பா. தண்ணி மாதிரி நுரையா இருந்துச்சு.

காசநோய்ப்பிரிவு

அப்போ அது எச்சில். எச்சில்ல காசநோய் இல்லைன்னு மட்டும்தான் இப்ப தெரியும்.

2 வாரத்துக்கு மேல இருமலா, சளி டெஸ்ட். சுகர் இருந்தா கட்டாயம். எச்.ஐ.வி. உள்ளவங்க, வீட்ல டி.பி. நோயாளியோட இருக்கிறவங்கன்னா இருமல் எத்தனை நாளுன்னு பாக்க வேண்டாம், உடனே அனுப்புங்க. ஸ்மியர்ல தெரியணும்னா ஒரு மி.லி. சளியில ஏறத்தாழ 10,000 கிருமி இருக்கணும். சிபிநாட்ங்கிற மரபணு டெஸ்ட் 130 வாக்குல இருந்தாலே பிடிச்சுடும், ரிஃபாம்பிசின்ங்கிற டி.பி. மருந்து கேக்குமா கேக்காதாங்கிறதும் தெரிஞ்சுடும். அதனால ஃபார்ம்ல சிபிநாட் அல்லது அதே மாதிரியான ட்ரூநாட்னு தெளிவா எழுதுங்க.

சளி எடுக்கிறது எப்படின்னு சொல்லிக்குடுக்க 5 நிமிஷம் ஒதுக்குங்க. கெட்டுப்போறது பெரும்பாலும் இங்கதான். காலையில சாப்பிடுறதுக்கு முன்னாடி, வெறும் தண்ணியில வாய் கொப்பளிச்சுட்டு, மூச்சை ஆழமா இழுத்து அடக்கி விடணும், ரெண்டு மூணு தடவை. அதுக்கப்புறம் அடிவயித்துல இருந்து இருமி நேரா டப்பாவுல துப்பணும். குறைஞ்சது 2 மி.லி. கெட்டியா, வழுவழுன்னு, மஞ்சளா இருந்தா நல்ல சாம்பிள். வெட்டவெளியில எடுக்கச் சொல்லுங்க, கக்கூஸுக்குள்ள வேண்டாம். நீங்க எதிர்ல நிக்காதீங்க. ஒண்ணு வந்த இடத்துல, ஒண்ணு மறுநாள் காலையில, மொத்தம் ரெண்டு. பேரை மூடியில எழுதாதீங்க, டப்பாவோட உடம்புல எழுதுங்க. லேப்ல மூடி கழண்டா பேரும் கழண்டுடும். அன்னிக்கே அனுப்ப முடியலன்னா 2–8 டிகிரியில வைங்க. தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டியில (ஐ.எல்.ஆர்.) வைக்கக் கூடாது.

வறட்டு இருமல்ல சிலருக்கு சளியே வராது. அப்ப நெஞ்சு எக்ஸ்ரே. நடமாடும் எக்ஸ்ரே வண்டி உங்க பக்கம் எப்ப வருதுன்னு எஸ்.டி.எஸ். (டி.பி. சிகிச்சை மேற்பார்வையாளர்) கிட்ட கேளுங்க. சுகர் உள்ளவங்களுக்கு நுரையீரல் மேல்பக்கம் சுத்தமா இருந்து கீழ்ப்பக்கம் நிழல் இருக்கிறது உண்டு. மேல பாத்துட்டு நார்மல்னு விட்டுடக் கூடாது.

நிக்ஷய் (அரசோட டி.பி. பதிவுத் தளம்) ஐடி, சளி அனுப்பும்போதே போட்டுடுங்க. ரிசல்ட் வந்ததும் போடலாம்னு விட்டா ஆளே காணாமப் போயிடுவாங்க.

வட்டாரமருத்துவர்

மாத்திரை மாற்றமும் சளிப் பரிசோதனையும் ஒரே நாளில் தொடங்கட்டும். ஒன்று முடிந்து மற்றொன்று என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் அதே வாரத்தில் பான்டோபிரசோல், செட்ரிசின், மான்டெலுகாஸ்ட், இன்னொரு சிரப் என்று அள்ளிப் போடாதீர்கள். பிறகு எதனால் குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, எல்லா மாத்திரையும் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அசித்ரோமைசின் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் ஒரு வரி. சாதாரண வைரஸ் இருமலே சராசரியாக 18 நாள் நீடிக்கும். மக்கள் எதிர்பார்ப்பது ஒரு வாரம். எட்டாம் நாள் வந்து "இன்னும் போகல" என்பவருக்கு ஆன்டிபயாட்டிக் எழுதப்படுகிறது, பதினைந்தாம் நாள் தானாகக் குறையும்போது அதற்குப் பேர் கிடைக்கிறது. சளி மஞ்சளோ பச்சையோ ஆனதால் மட்டும் பாக்டீரியா என்று ஆகாது. பெரியவரில் மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது மேல், இரத்த அழுத்தம் 90/60-க்குக் கீழ், குழப்பமான பேச்சு, ஆக்சிஜன் 94-க்குக் கீழ், இருமலில் இரத்தம், இதில் எது இருந்தாலும் அங்கே வைத்துப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆக்சிமீட்டரை நம்புமுன் நெயில் பாலிஷ் இருக்கிறதா, விரல் சில்லென்று இருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தைவார்டுசெவிலி

பையன் விஷயத்துக்கு வர்றேன். அழும்போது எண்ணின 46 செல்லாது. மடியில வச்சு, தூங்கவோ பால் குடிக்கவோ விட்டு, சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குறதைப் பாத்து முழுசா 60 நொடி எண்ணணும். 15 நொடி எண்ணி நாலால பெருக்குறது குழந்தைகிட்ட தப்பாத்தான் போகும். அதுங்க மூச்சு ஒரே சீரா இருக்காது. காய்ச்சல் இருந்தா பாராசிட்டமால் குடுத்து (கிலோவுக்கு 15 மி.கி., அவனுக்கு 180), மூக்குல உப்புத் தண்ணி சொட்டு விட்டு, அரை மணி கழிச்சு இன்னொரு தடவை எண்ணுங்க.

கணக்கு: 2 மாசத்துக்குள்ள 60-ம் அதுக்கு மேலயும், 2 மாசத்துல இருந்து ஒரு வயசு வரை 50, ஒண்ணுல இருந்து அஞ்சு வயசு வரை 40. அமைதியா இருக்கும்போதும் 40-ஓ அதுக்கு மேலயோ இருந்தா நிமோனியான்னு எடுத்துக்கிட்டு அமாக்சிசிலின் 250 கரையும் மாத்திரை, 10–14 கிலோவுக்கு ரெண்டு ரெண்டா காலை மாலை, 5 நாள். 48 மணி நேரத்துல திரும்பக் கூட்டிட்டு வரச் சொல்லணும். வீசிங் கேட்டுச்சுன்னா முதல்ல ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டுற குழாய்) வச்சு சால்பியூட்டமால் 15 நிமிஷ இடைவெளியில மூணு தடவை வரைக்கும் குடுத்துட்டு அப்புறம் எண்ணுங்க. நிறைய குழந்தைக்கு அதுலயே மூச்சு இறங்கிடும், ஆன்டிபயாட்டிக்கே தேவைப்படாது.

நெஞ்சுக்கூடு கீழ உள்வாங்குது, குடிக்க முடியல, எல்லாத்தையும் வாந்தி எடுக்குது, துவண்டு கிடக்குது, வலிப்பு வந்துச்சு, அமைதியா இருக்கும்போதும் மூச்சு இழுக்கையில கர்னு சத்தம்: இதுல ஒண்ணு இருந்தாலும் அனுப்பிடுங்க. 2 மாசத்துக்குள்ள உள்ள குழந்தைக்கு வேக மூச்சு மட்டும் போதும். திடீர்னு ஆரம்பிச்ச இருமல், ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவுன்னா, நிலக்கடலை ஏதாவது வாயில போட்டானான்னு கேளுங்க.

சிரப் வேண்டாம். ஒரு வயசு தாண்டினதால தேன் அரை டீஸ்பூன் படுக்கப் போறப்ப குடுக்கலாம். ஒரு வயசுக்குள்ள தேன் நாக்குல தொட்டு வைக்கிறதுகூடக் கூடாது, பாட்டிங்ககிட்ட இதைத் தனியா சொல்லணும்.

மாத்திரைப்பெட்டி

எனலாப்ரில் விஷயத்துல டாக்டர் சொன்னது சரி, ஒரு வாரம்னு சொன்னது என் தப்பு.

சிரப் பத்தி: 2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவுல இருபதுக்கும் மேல குழந்தைங்க கிட்னி செயலிழந்து இறந்தாங்க. காரணம் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான இருமல் சிரப். அதுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷ ரசாயனம் 48.6 சதவீதம். அதுக்கப்புறம் மத்திய அரசு 2 வயசுக்குள்ள இருமல், சளி சிரப்பே கூடாது, 5 வயசுக்குள்ள பொதுவா வேண்டாம்னு சொல்லிடுச்சு. வெளிய வாங்கின பாட்டிலை வீட்ல இருந்து கொண்டுவரச் சொல்லி லேபிளைப் படிங்க. சிரப் குடிச்ச குழந்தைக்கு ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

வட்டாரமருத்துவர்

மூன்றாவது நபரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வார லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுக்கமா? ஆமாம் என்றால் பஞ்சுத் தூசி. காலையும் மாலையும் பீக் ஃப்ளோ (மூச்சை ஊதும் அதிகபட்ச வேகம்) குறித்துவரச் சொல்லுங்கள், ஆஸ்துமா என்றால் அது ஏறி இறங்கும். இவை எல்லாவற்றோடும் இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுவின் மொத்த எண்ணிக்கை பாருங்கள். இது மலிவான டெஸ்ட், நம் ஊரில் பலர் மறக்கும் டெஸ்ட். ஃபைலேரியா (யானைக்கால் நோய்) உள்ள பகுதிகளில் இரவு இருமலும் வீசிங்கும் 3000-க்கு மேல் ஈசினோஃபிலும் சேர்ந்தால் வெப்பமண்டல நுரையீரல் ஈசினோஃபிலியாவை நினைக்க வேண்டும். இதில் இரவு இரத்தத்தில் ஃபைலேரியா புழு தெரியாது, அதனால் அந்த டெஸ்ட் நெகட்டிவ் என்று விடக் கூடாது.

புதுத்துணைமையம்

மூணு வாரம் கழிச்சு வர்றேன். அம்மாவுக்கு நல்ல சளி ரெண்டு டப்பா எடுத்தேன், சிபிநாட் நெகட்டிவ், எக்ஸ்ரே நார்மல். டெல்மிசார்டன் 40 போயிட்டு இருக்கு. இருமல் பாதிதான் குறைஞ்சிருக்கு. அவங்க மகன் பழைய மாத்திரையே நல்லா இருந்துச்சு, அதையே குடுங்கங்கிறார். பையனுக்கு அமைதியா எண்ணினா 34, தேனோட விட்டேன், சரியாயிட்டான். மில் அண்ணனுக்கு ஈசினோஃபில் 4200. டாக்டர் டி.ஈ.சி. (ஃபைலேரியா மாத்திரை) 21 நாள் எழுதியிருக்கார். மூணாம் நாள் லேசா காய்ச்சல், தலைவலி. நிறுத்தணுமா?

வட்டாரமருத்துவர்

அம்மாவுக்கு மூன்று வாரத்தில் பாதி குறைந்தது நல்ல அறிகுறி. மாத்திரை மாற்றியதிலிருந்து மூன்று மாதம் வரை பொறுங்கள். அவர் அட்டையில் "எனலாப்ரில், ராமிப்ரில் வகை ஒத்துக்கொள்ளவில்லை, இருமல்" என்று சிவப்பு மையில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறு யாராவது அதையே திரும்பத் தொடங்கிவிடுவார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் இருந்தால் மூக்கு, நெஞ்செரிச்சல், ஆஸ்துமா என்று வரிசையாகப் பார்க்கலாம்.

டி.ஈ.சி.யோடு லேசான காய்ச்சலும் தலைவலியும் வரும். பாராசிட்டமால் போதும், சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைக் கொடுங்கள், 21 நாளை முடியுங்கள். மூச்சுத்திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் மட்டும் நிறுத்திக் கூப்பிடுங்கள். இருமல் ஓரிரு வாரத்தில் குறைய வேண்டும். கோர்ஸ் முடிந்ததும் ஈசினோஃபில் திரும்பப் பாருங்கள், இது மறுபடி வருவதுண்டு. பீக் ஃப்ளோவும் அப்போது எடுங்கள். அது இறங்கியே இருந்தால் பஞ்சுத் தூசிக் கேள்வியை மறுபடி எடுக்க வேண்டும்.

புதுத்துணைமையம்

லீவு முடிஞ்ச முதல் நாள் இறுக்கம் இல்லைன்னுதான் சொன்னார். இருந்தாலும் பீக் ஃப்ளோ சார்ட் குடுத்து அனுப்பியிருக்கேன் சார்.